மாரித்தின் பேட்டை

லிஸ்பனுக்கு மூன்று நாள் போய்வரலாம் என்று மனைவி ஹிஸ்கே சொன்னபோது வீபே மறுக்கவில்லை. ஏப்ரல் பிறந்தும் வடக்கே அவர்களுடைய ஊரான லேவார்டனில் மழை நசநசத்துக்கொண்டிருந்தது. தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். கொஞ்சம் வெயில் பட்டால் நல்லதுதான் என்று நினைத்தார்.

முதல் நாள் பழைய பேட்டையான அல்ஃபாமாவின் சந்துகளில் ஏறி இறங்கினார்கள். சுட்ட மத்தி மீனும் வெள்ளை ஒயினுமாக அவருக்கு மனசு நிறைந்திருந்தது. மறுநாள் ஆற்றங்கரைக்குப் போகலாம் என்றார். ஹிஸ்கே கேட்கவில்லை, டிராம் போய் நிற்கும் கடைசிப் பேட்டைக்குத்தான் போகவேண்டும் என்றாள்.

"அங்க என்ன இருக்கு? ஒரு சந்தையும் கல்லறையும்தான். இப்பவே இடம் பார்த்து வைக்கலாம்னு இருக்கியா?"

அவள் சிரிக்கவில்லை. அங்கே போய் இறங்கியதும் ஒவ்வொரு கடைக் கண்ணாடிக்குள்ளும் எட்டிப் பார்த்தபடி நடந்தாள். ஒரே தெருவில் மூன்றாவது தடவை திரும்பியபோது வீபேயின் முழங்கால் கெஞ்சியது.

"யாரைத்தான் தேடுற நீ?"

"மாரித்தை."

வீபே அப்படியே நின்றுவிட்டார். மகளின் பேரை அந்த வீட்டில் யாரும் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. விவாகரத்தான ஒருவனை, தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் வந்து நின்றபோது, இனி இந்த வாசற்படி ஏறாதே என்றவர் அவர்தான். அவள் எழுதிய கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியவரும் அவர்தான்.

"அவளோட பள்ளித் தோழி சொன்னா, இங்கதான் காப்பிக்கடை வச்சிருக்காளாம். உன்கிட்ட சொன்னா நீ விமானமே ஏறியிருக்க மாட்ட."

அவர் திரும்பிப் போகவில்லை.

அடுத்த தெரு முனையில் கடை இருந்தது. உள்ளே மாரித் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவளின் கை ஒரு கணம் நின்றது. பிறகு, வழிப்போக்கர்களிடம் கேட்பதுபோல, என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். காப்பி கொண்டுவந்து வைத்தவள், "சர்க்கரை போடுவீங்களா?" என்றாள். சின்ன வயசில் தினமும் அவர் கோப்பையில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கியவள் அவள்தான்.

பின்கட்டிலிருந்து நாலு வயதுப் பெண் குழந்தை ஓடிவந்து மாரித்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. தூக்கி வாரிப்போட்டது வீபேக்கு. அப்படியே அவருடைய மூக்கு. இவர்களைப் பார்த்துக் குழந்தை ஏதோ கேட்டது. மாரித் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். அதைப் புரிந்துகொள்ளப் போர்த்துகீசியம் தெரிய வேண்டியதில்லை. டூரிஸ்டுகளாம்.

ஹிஸ்கே வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வீபே எழுந்து, ஊர்ப் பேச்சிலேயே சொன்னார்: "மாரித், நான் பண்ணது தப்பும்மா."

"தெரியும்." இப்போது அவளும் ஊர்ப் பேச்சுக்கு வந்துவிட்டாள். "அம்மா இருக்கட்டும். நீங்க வெளிய போங்க."

அவர் எதிர்ச்சாரியில் போய் நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை பாட்டியின் மடியில் ஏறியது. மாரித் தாயின் தோளில் முகம் புதைத்தாள். முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வந்த ஹிஸ்கே, "நாளைக்கும் வரச் சொன்னா" என்றாள்.

"என்னையுமா?"

அவள் டிராம் வரும் திசையைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் ஹிஸ்கே காப்பிக்கடைக்குப் போக, அவர் தனியாக ஊரைச் சுற்றினார். கிராசா, மோராரியா, பெலேம். எங்கே என்ன பார்த்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மாலையில் விமான நிலையத்தில் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கேட்டார்: "குழந்தை பேரு என்ன?"

"லியோனோர்."

அவர் சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு சரியாக வரவில்லை. ஹிஸ்கே திருத்தினாள். மறுபடியும் சொன்னார். மறுபடியும் திருத்தினாள்.