சவரம் செய்த முகம்

காலை ஐந்தே கால். கண்டக்டரின் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்து அவரைப் புரட்டினாள் நெட்டை. ஈர விரிப்பு முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நேற்றைய மூத்திரம். கட்டில் சட்டத்தில் முட்டியை முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்து, பழையதை உருவிப் புதியதைத் திணித்தாள். முதுகுக்கு அடியில் காசளவு இருந்த புண் உள்ளங்கையளவு ஆகியிருந்தது.

"வலிக்குதாய்யா?"

"டிக்கெட் எடுத்தாச்சு. ஸ்டாப் வர்ற வரைக்கும் போய்த்தானே ஆகணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் பாதிதான் கேட்டது.

ஆயுசில் பாதியைப் பஸ்ஸில் நின்றே கழித்தவர். இப்போது கால் இரண்டும் விறகு. பிள்ளை குட்டி கிடையாது. தனியாகக் கிடக்கும் முதியவர்களுக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகையில்தான் ஏஜென்சி அவளை இங்கே அனுப்பியது. முதலில் காலையிலும் வந்தாள், மாலையிலும் வந்தாள்.

போன மாதம் அந்த உதவியை மறுபடி மதிப்பிட அதிகாரி வந்தார். யாராவது பார்க்க வந்தால் ஆளைச் சிங்காரித்து வைப்பது பராமரிக்கும் பெண்களின் தொழிலில் ஊறிய பழக்கம். அழுக்காகக் கிடந்தால் பழி, பார்த்துக்கொள்பவள் மேல்தான். நெட்டை சவரம் செய்தாள். பவுடர் பூசினாள். தேய்த்த சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்த்தினாள். காக்கிக்குப் பழகிய மனுஷன், அதிகாரியைக் கண்டதும் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டார். ஒரே நிமிஷம். பிறகு இரண்டு நாள் தலை தூக்கவில்லை.

தானாக எழுந்து நிற்கிறார் என்று முடிவாயிற்று. உதவி பாதியாயிற்று.

ஏஜென்சி முதலாளி மாடிப்படியில் நின்றே சொன்னார்:

"இனிமே காலையில மட்டும் போ. சம்பளமும் அதுக்குத்தான்."

"சாயங்காலம் யார் சார் புரட்டிப் போடுறது?"

"நிக்கிற மனுஷன் புரள மாட்டாரா?"

"அவரு எங்க சார் நிக்கிறாரு?"

"ஜோடிச்சு வச்சது நீ. எங்கிட்ட ஏன் குதிக்கிற?"



கண்டக்டர் குடியிருந்த கட்டடத்தின் மற்ற வீடுகளில் வேலை பார்க்கும் பெண்களைக் குழாயடியில் பிடித்துக் கேட்டாள். வீட்டுக்கு வீடு இதே கதை. சின்னவள் தன் டீச்சரம்மாவுக்குக் கண்ணாடி மாட்டி, கையில் பேப்பரையும் கொடுத்திருந்தாள்.

"அவங்களுக்குத்தான் கண்ணே தெரியாதேடி!"

"பாக்க லட்சணமா இருக்கட்டும்னு குடுத்தேங்க்கா. பேப்பர் படிக்கிறாங்கன்னு உதவியவே நிறுத்திட்டாங்க."

சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியது.

"இனிமே ஜோடிக்க வேணாம். எப்படி இருக்காங்களோ அப்படியே பாக்கட்டும்," என்றாள் நெட்டை.

"முதலாளி சீட்டைக் கிழிச்சுட்டா?"

"எல்லார் சீட்டையும் கிழிச்சுட்டு அவரே வந்து பீ அள்ளட்டும்."

கூட்டமாகப் போய் அதிகாரியின் அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். மறுபடி வர ஒப்புக்கொண்டார் அதிகாரி. முதலில் கண்டக்டர் வீடு.

"நாத்தத்தோட என்னைக் காட்டப் போறியா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாய்யா."

"அதுக்கு என்னைக் கொன்னுடு."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"டீச்சரம்மாவுக்கும் போச்சா?"

"போச்சுய்யா."

"அப்பக் கதவைத் திறந்தே வை."

அதிகாரி வந்தபோது விரிப்பு மாற்றியிருக்கவில்லை. முகத்தில் வெள்ளை முள்தாடி. அதிகாரி மூக்கில் கைக்குட்டையை வைத்தார். பின்னாலேயே வந்த முதலாளி கத்தினார்:

"என்ன லட்சணம் இது? இப்பவே உன்னை நிறுத்துறேன்."

"எங்களையும் சேர்த்து நிறுத்துங்க சார்," என்றாள் சின்னவள். சுவரோரம் நின்ற பெண்கள் யாரும் அசையவில்லை.

கண்டக்டரின் கண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது. நெட்டை துடைக்கவில்லை. இந்தத் தொழிலில் அவள் செய்த வேலைகளிலேயே அதுதான் கடினமானது.

புது விரிப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு ரெண்டு ஆள் வேணும் சார். நீங்க தலைப்பக்கம் பிடிக்கிறீங்களா, கால்பக்கமா?"