மாமனார் நாற்காலியும் இரண்டாவது கோட்டும்

லூயிஸ் தொடங்காத வேலை கிடையாது. முடித்த வேலை எதுவென்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மொட்டைமாடித் தோட்டம் மூன்று தொட்டியோடு நின்றது. கிட்டார் ஒன்றரைப் பாட்டோடு நின்றது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்தியதை வேண்டுமானால் முடித்த வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். அதையும் வயசுதான் முடித்துவைத்தது.

அப்பேர்ப்பட்டவர், மாமனாரின் கைவைத்த நாற்காலியைத் தானே தேய்த்துப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று கிளம்பினார். மனைவி நோராவின் அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. ஜெபமாலை மாதமான அக்டோபரில் அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் இந்த ஞாயிற்றுக்கிழமை சாந்தோமில் இவர்கள் வீட்டில். பங்குத் தந்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஜெபம் சொல்ல வேண்டும், அதுதான் நோராவின் ஆசை. சிந்தாதிரிப்பேட்டை ஆசாரி ஜவஹரைக் கூப்பிடலாமே என்றாள்.

"நாற்காலியைத் தேய்க்க ஒரு ஆளா? நான் எதுக்கு இருக்கேன்?"

"அதான் எனக்கும் தெரியல," என்றாள் நோரா. பிறகு நாற்காலியின் கையைத் தொட்டு, "எங்கப்பாவோட சேருங்க இது. இந்த ஒண்ணையாவது ஒழுங்கா முடிச்சுக் குடுங்க," என்றாள்.

ராயப்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஹபீபுர் ரஹ்மான் உப்புத்தாளையும் பிரவுன் எனாமலையும் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "சார், மழை நேரம். முதல் கோட்டு அடிச்சு ரெண்டு நாள் காயவுட்டு அடுத்தது அடிங்க. அவசரப்பட்டா ஒட்டிக்கினே இருக்கும்."

"எனாமல் எப்படிக் காயுதுன்னு எனக்கே சொல்றீங்களா பாய்? காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து இறுகும். நான் பாடமே நடத்தியிருக்கேன்."

பாய் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பையை நீட்டினார்.

மூன்று நாள் தேய்த்தார் லூயிஸ். மரத்தூள் புத்தகத்தில், மூக்கில், ரசத்தில். தோள்பட்டை கழன்றே விட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் கோட்டு அடித்தார். சனிக்கிழமை காலையில் பார்த்தால் திட்டுத்திட்டாக இருந்தது, பிரஷ் மயிர் இரண்டு வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. பாயாவது, ரெண்டு நாளாவது! இரண்டாவது கோட்டை அன்றைக்கே தடவினார், அதுவும் தாராளமாக. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது.

ஞாயிறு காலையில் உட்காரும் பலகையைத் தொட்டார். விரல் அங்கேயே தங்கப் பார்த்தது.

"காஞ்சுதா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் நோரா.

"ஓ! கல்லு மாதிரி!"

நோரா வந்து பார்த்தாள். நாற்காலி பளபளவென்று நின்றது. அவள் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து ஒரு வருஷமாகிறது. உண்மையைச் சொல்ல லூயிஸுக்கு வாய் வரவில்லை. சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும் என்று தனக்கே பாடம் நடத்திக்கொண்டார்.

சாயங்காலம் அன்பியத்துக்கு இருபது பேர் வந்தார்கள். ஃபாதர் ஃபிரெட்ரிக் துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளை அங்கியில் வந்தார். "ஃபாதர், எங்கப்பா சேர்ல உக்காருங்க," என்றாள் நோரா. அவர் அங்கியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். ஐயோ! லூயிஸ் ஒரே தாவாகத் தாவிப்போய் அதில் தான் உட்கார்ந்துகொண்டார்.

ஃபாதர் சிரித்துச் சமாளித்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நோரா பார்த்த பார்வையை லூயிஸ் தாங்கமாட்டாமல் கூரையைப் பார்த்தார்.

நற்செய்தி வாசகம் வந்தது. கூட்டம் எழுந்து நின்றது. லூயிஸ் எழப் பார்த்தார். பேண்ட் வரவில்லை, முதுகுப் பக்கம் சட்டையும் வரவில்லை.

"என்னாச்சு சார்?" என்றார் ஃபாதர்.

"முட்டி, ஃபாதர். திடீர்னு பிடிச்சுக்கிச்சு." சீ, ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய்.

ஆளாளுக்கு வேண்டுதல் சொல்லும் மன்றாட்டு நேரத்தில் ஆரோக்கியமேரி அக்கா கையைத் தூக்கினாள். எதிர்வீட்டுக்காரி, எழுபது வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் பூசையில்கூட உட்கார்ந்தே இருப்பவள். "நம்ம வாத்தியாரு முட்டிக்காக வேண்டிக்கலாம்," என்றவள், சுவரைப் பிடித்துக்கொண்டு, முனகி முனகித் தரையில் மண்டியிட்டாள். இல்லாத வலிக்காக, இருக்கிற வலியோடு.

லூயிஸால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாற்காலியின் கைகளை அழுத்திப் பிடித்து, வந்தது வரட்டும் என்று ஒரு எம்பு எம்பினார். டர்ரென்றது. நாற்காலி ஒரு சாண் கூடவே எழும்பித் தொப்பென்று விழுந்தது.

"இயேசுவுக்கே புகழ்!" என்று கத்தினாள் ஆரோக்கியமேரி. "எழுந்துட்டாரு! சொகமாயிட்டாரு!"

இருபது பேரும் கைதட்டினார்கள். பேசாமல் இருந்திருந்தால் சாந்தோமில் ஒரு அற்புதம் நடந்ததாகவே ஆகியிருக்கும். லூயிஸ் அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, சுவரோடு சுவராக முதுகை மறைத்துக்கொண்டார்.

"அக்கா, முட்டிக்கு ஒண்ணுமில்ல. பெயிண்ட் காயல. காஞ்சுடுச்சுன்னு நோராகிட்ட பொய் சொன்னேன். கடைக்காரர் சொன்னதையும் கேக்கல. அவங்கப்பா சேரைக் கெடுத்துட்டேன். என் தப்பு."

நோரா நாற்காலியைப் பார்த்தாள். பலகை நடுவில் பேண்ட் துணி உள்ளங்கையகலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்றுதான் லூயிஸ் நினைத்தார்.

"ஃபாதர்," என்றாள் நோரா, "கல்யாணமான இந்த முப்பத்தாறு வருஷத்துல இவர் வாயால 'என் தப்பு'ன்னு கேக்கறது இதான் முதல் தடவை. அக்கா சொன்னது சரி. அற்புதம்தான்." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அப்பா போனதற்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு அது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் நாற்காலிக் கையை மெல்லத் தடவினாள். விரலெல்லாம் பிரவுன். அதை லூயிஸின் சட்டையில் நிதானமாகத் துடைத்தாள்.

"நாளைக்கு ஜவஹரைக் கூப்பிடறேன்," என்றாள். "நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க. பிளாஸ்டிக் சேர்ல."