ரெட்டை ஐஸின் நுனி

ஐஸ்காரம்மாவுக்கு அக்கா மேல் இருந்த கோபம், அக்கா செத்த பிறகும் சாகவில்லை. கூடப்பிறந்தவளே பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஐஸ்காரம்மாவும் புருஷனும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ரெட்டை ஐஸ் போட்டு விற்றவர்கள். ஒரே குச்சியில் பாதி ஆரஞ்சு, பாதி பால். கொட்டகை நடுவே உப்புத் தண்ணீர்த் தொட்டி. உப்புத் தண்ணீர் லேசில் உறையாது, மெஷினை ஓட்டினால் குளிர்ந்துகொண்டே போகும். அதில் தகர அச்சுகளை இறக்கினால் உள்ளே ஊற்றிய சாறு கெட்டியாகிவிடும். அச்சுகளின் அடி இடுக்கில் ஈயம் பற்றவைப்பது புருஷன் வேலை. "என் கை பட்ட அச்சு ஒரு சொட்டு கசியாது" என்பது அவர் பெருமை. ருசி பார்ப்பது அவள் வேலை. வாளியில் இருக்கும் சாற்றைக் கரண்டியால் எடுத்து நாக்கில் வைப்பாள். அவள் தலையாட்டிய பிறகுதான் அச்சில் ஊற்றுவார். உறைந்ததைக் கடித்துப் பார்க்கிற வழக்கம் இரண்டு பேருக்குமே கிடையாது. விற்கிற சரக்கில் யார் வாய் வைப்பார்கள்?

அக்காதான் ஒருநாள் கொட்டகைக்கு வந்து, "ஐஸ்ல தொட்டித் தண்ணி கலக்குதுடி. அச்செல்லாம் ஒருதரம் பாருங்க" என்றாள்.

"நாங்க நாலு காசு பாக்கறது உனக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள் இவள். அக்கா விடவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க நின்றவர்களிடம், பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தக் கோடையிலேயே கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. ஐஸ்காரர் ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். "கசியலடி, சத்தியமா கசியல" என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார். பிறகு அக்கா படுக்கையில் விழுந்து, தங்கையை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். இவள் போகவில்லை. சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும்போதும் போகவில்லை.

இப்போது அக்கா மகள் வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறாள். தலையில் பாதி நரைத்துவிட்டது.

"சித்தி, சின்ன வயசுல ஒண்ணா படிச்சவங்க எல்லாம் எங்க வீட்ல கூடறோம். எல்லாரும் உங்க ரெட்டை ஐஸைப் பத்தியே பேசறாங்க. ஒரே ஒருதரம் போட்டுக் குடுங்க."

ஐஸ்காரம்மாவுக்கு வாயெல்லாம் கசந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டிய காலத்தில் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்ட தெரு, இன்றைக்கு நாக்கைச் சப்புக் கொட்டுகிறதாம்.

"போட்டுத் தரேன். ஆனா அத்தனை பேர் முன்னாடியும், எங்கம்மா சொன்னது பொய்னு நீ சொல்லணும். உங்க சித்தப்பா பேரு சுத்தமாகணும்."

அக்கா மகள் யோசிக்கக்கூட இல்லை. "சொல்லிட்டாப் போச்சு. அம்மாவுக்குத்தான் எதையும் பெருசு பண்ற குணமாச்சே."

அன்றிரவு ஐஸ்காரம்மாவுக்குப் பல வருஷத்துக்குப் பிறகு நல்ல தூக்கம் வந்தது. தொட்டியும் இல்லை, அச்சும் இல்லை. மறுநாள் சின்ன எவர்சில்வர் டம்ளர்களில் சாறு ஊற்றி, குச்சி சொருகி, வீட்டு ஃப்ரிட்ஜிலேயே வைத்தாள். அதே ஆரஞ்சு, அதே பால், அதே சர்க்கரை. அக்கா மகளைக் கூப்பிட்டு முதல் குச்சியை நீட்டினாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். "அப்படியே இருக்கு சித்தி." இன்னொரு கடி கடித்தவள் கண்ணைத் திறந்தாள். "ஆனா அந்த உப்பு எங்க?"

"என்ன உப்பு?"

"நுனியில இருக்குமே. லேசா உப்புக் கரிக்கும், அந்த இடம் மட்டும் மெத்துனு இருக்கும். நாங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் கடிப்போம். சித்தப்பா ஏதோ தனியா சேர்ப்பார்னு நினைச்சுக்குவோம். அதுதானே சித்தி ரெட்டை ஐஸ்?"

நுனி என்றால் அச்சின் அடி. ஈயம் பற்றவைத்த அடி. அங்கேதான் தொட்டித் தண்ணீர் கசிந்திருக்கிறது. அக்கா கடித்துப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான் அவள் செய்தது. பாவி, அதை முதலில் தங்கையிடம்தானே வந்து சொன்னாள்.

"அம்மா சொன்னது பொய்னு சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்லட்டுமா, அப்புறம் சொல்லட்டுமா?"

"சொல்ல வேணாம்."

"ஏன் சித்தி?"

உண்மையைச் சொன்னால் செத்த புருஷன் பேர் கெடும்.

அக்கா மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவை மன்னிச்சிட்டீங்க. எவ்வளவு பெரிய மனசு சித்தி உங்களுக்கு! இதைப் பாக்க அம்மாவுக்குக் குடுத்து வைக்கலையே."

அவள் போன பிறகு ஐஸ்காரம்மா உறைந்திருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, டம்ளர்களை மறுபடி கழுவி வரிசையாக வைத்தாள். உப்பு ஜாடியைத் திறந்து, ஒவ்வொரு டம்ளரின் அடியிலும் ஒரு சிட்டிகை போட்டாள்.