பெஞ்சின் ஓட்டு

பினாங்குத் தமிழ்ப் பெருமக்களுக்கும், அதற்கப்பால் உலகத்தார் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: 1931ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பினாங் ஸ்ட்ரீட் மாடியொன்றில், தமிழர் நல்வழிச் சங்கம் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடியது. உலகம் அன்றைக்கும் வழக்கம்போலவே சுற்றியது. வேர்த்து வழிந்தது ஜெயராஜுக்குத்தான்.

ஜெயராஜ், தங்கராஜு முதலாளியின் அரிசிக்கடையில் கணக்கெழுதும் கிராணி. தலைமைக்கு நின்ற இருவரில் ஒருவர் அந்த முதலாளி; மற்றவர் துணிக்கடை மாணிக்கவேலு. முதலாளி முந்தைய நாளே சொல்லிவிட்டார்: "நாளைக்கு நம்ம பக்கம் நிக்கலேன்னா, திங்கக்கெழம கடைப்பக்கம் வராதே." ரப்பர் விலை விழுந்து, வேலையற்றவர்களைக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

தேர்தலை நடத்தியவர் மீரா சாகிப். இரண்டு கட்சிக்கும் வேண்டாதவர், ஆகவே பொதுவானவர்.

"தங்கராஜு ஐயாவுக்கு ஜன்னல் பக்கம். மாணிக்கவேலு ஐயாவுக்குக் கதவுப் பக்கம். நகருங்க லா!"

கூட்டம் பிரிந்தது. நடுவில் ஒரு பெஞ்சு, அதில் ஜெயராஜ்.

எண்ணினார்கள். இரண்டு பக்கமும் சமம்.

"தம்பி, கால் மரத்துப்போச்சா?" என்றார் மீரா சாகிப்.

"இல்லேங்க. நான் யாருக்கும் போடறதா இல்லே."

"ஏன்?"

"வெள்ளிக்கெழம எங்க முதலாளி பிரியாணி போட்டாரு. சனிக்கெழம மாணிக்கவேலு ஐயா போட்டாரு. தின்ன சோத்துக்கு நிக்கிறதுக்குப் பேரு ஓட்டா? அப்படி வர்ற தலைவரு யாரா இருந்தாலும் எனக்கு வேணாம்."

"ரெண்டையும் திங்காம வந்துட்டான்லா, பித்தம் தலைக்கேறிருச்சு!" என்றது கதவுப் பக்கம்.

முதலாளி தம் ஆட்களைப் பார்த்தார். மூட்டை தூக்கும் நால்வர் வந்து, ஜெயராஜோடு சேர்த்துப் பெஞ்சைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தார்கள்.

"இப்ப எண்ணுங்க, சாகிப்."

"பெஞ்சுக்கு ஏதுய்யா ஓட்டு?" கதவுப் பக்கம் கொந்தளித்தது. யாரோ நாற்காலியை ஓங்கினார்.

ஜெயராஜ் எழுந்தார்.

"எறங்காதேடா," என்றார் முதலாளி, மெதுவாக. "கைப்புள்ளக்காரன் நீ."

ஜெயராஜ் இறங்கினார். நடந்துவந்து, பெஞ்சு முன்பிருந்த இடத்திலேயே நின்றார்.

ஓங்கிய நாற்காலி கீழிறங்கியது. தம் கொள்கை எல்லோர் நெஞ்சிலும் தைத்துவிட்டதென்று அவருக்கே ஒரு கணம் தோன்றியது.

இரு முதலாளிகளும் மூலைக்குப் போய்க் குசுகுசுத்துத் திரும்பினார்கள். ஆளுக்கு ஆறு மாதம் தலைமை. பலத்த கைதட்டல். இருவர் செலவிலும் கீழே பிரியாணி வந்திறங்கியது.

ஜெயராஜ் வேலையிழந்து, அடுத்த நாகப்பட்டினம் கப்பலில் குடும்பத்தோடு ஊருக்குப் போனார்.