வெளிப்பக்கக் கட்டத்தில் நான்கு

8.2.2026, ஞாயிறு மாலை

போன ஞாயிறு நோட்டில் தவறு செய்திருக்கிறேன். தீனா கோட்டோரமாக வெளிப்பக்கம் எத்தனை முறை எதிராளியைத் தாண்டினான் என்ற கட்டத்தில் நான்கு என்று எழுதினேன். தாண்டும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போடுவது என் வழக்கம். அன்று அந்தக் கட்டத்தில் ஒரு கோடுகூட இல்லை. நான்தான் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்து, அவன் வழக்கமான எண்ணிக்கையைப் போட்டு நிரப்பிவிட்டேன்.

எங்கள் வியாசர்பாடி கால்பந்து அணிக்கு இரண்டு வருடமாக நான்தான் நோட்டு எழுதுகிறேன்; அட்டையில் 'மொழி' என்று என் பெயர். அதைப் பார்த்துத்தான் பயிற்சியாளர் பீம்ராவ் அண்ணன் அடுத்த ஆட்டத்துக்கு ஆளை எடுப்பார். தீனா எங்கள் வலது விங், வலது கோட்டோரமாகப் பந்தோடு ஏறுபவன். வெள்ளிக்கிழமை அவனுக்கு ஒரு நிறுவனத்தின் அணிக்கு ஆளெடுக்கும் தேர்வு இருக்கிறது. அந்த அணியில் எடுத்துக்கொண்டால் நிரந்தர வேலை.

இன்று எர்ணாவூர் மைதானத்தில் ஆட்டம். தண்ணீர் குடிக்கக்கூடக் குனியாமல் தீனாவையே பார்த்தேன். முதல் பாதியில் உட்பக்கம், அதாவது மைதானத்தின் நடுவை நோக்கி வெட்டித் தாண்டியது, ஏழு. வெளிப்பக்கம் ஒன்றுமில்லை.

கூட்டத்துக்குக் கொண்டாட்டம். ரசிகர்களுக்குத் தலைவர் கருணாகரன், வாய் நிறைய புகையிலையோடு கத்தினார்: "புச்சா ஒரு ஸ்டைலு இறக்கிக்கிறான் பாரு மாமு! மறிக்க வந்த பேக்கு அங்கியே நின்னுகினு கீறான், இவன் எண்ணூர் போயி டீ குட்ச்சிட்டு வந்துட்டான்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே திரும்ப வேண்டுமானால் வலது விங் இடது காலை ஊன்றித் தள்ள வேண்டும். தீனா அதை ஊன்றவே இல்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அது அவிழ்ந்திருக்கவில்லை.

இரண்டாம் பாதியில் இரண்டு பேர் அவனை மறித்தார்கள். உள்ளே வெட்டி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பாதத்தின் வெளிப்புறத்தால் பந்தைத் தட்டினான். அது இருவருக்கும் நடுவில் வளைந்து எங்கள் ஃபார்வர்டு ஜெரியின் காலடியில் போய் நின்றது. கோல். நானும் எழுந்து கத்தினேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஆட்டம் முடிந்ததும் கருணாகரன் தீனாவைத் தோளில் தூக்கினார். பிடி சரியாக இடது முழங்காலில்.

"வுடுண்ணா! முட்டி! வுடுண்ணா!"

தீனா கத்தியது மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பத்துப் பதினைந்து போன்கள் அவன் முகத்துக்கு நேராக நீண்டன. "மூஞ்சப் பாரேன், செம மாஸு! ஸ்டேட்டஸ் வைடா!" என்றான் ஒருவன். வலியில் கோணிய முகம் அது. கருணாகரன் துப்பிய எச்சில் கீழே கிடந்த தீனாவின் தண்ணீர் பாட்டிலில் வழிந்தது.

வேனுக்குப் பின்னால் தீனா காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்கால் வீங்கி, எலும்பின் மேடே தெரியவில்லை.

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு வாரமா. பிராக்டீஸ்ல மடங்கிச்சி. அண்ணன் கேட்டாரு, நல்லா கீதுன்னேன். நம்பல. அப்பால உன் நோட்டுல நாலுன்னு பாத்துட்டுதான் இன்னிக்கு இறக்குனாரு." என் முகத்தைப் பார்த்தான். "அத்தையே இன்னிக்கும் போடு, மொழி. வெள்ளிக்கெழம வரிக்கும் தாங்கும்."

"அங்க வெளிய போவச் சொன்னா?"

அவன் மறுபடி குனிந்து லேஸை இறுக்கினான்.

அதற்குள் கருணாகரன் வந்துவிட்டார். "இன்னா நைனா, இங்க குந்திகினு கீற? புதங்கெழம திருவொத்தியூர்ல மேட்ச்சு. பேனர் அட்ச்சாச்சி, உன் மூஞ்சி மட்டும் பத்தடிக்கு கீது!"

"அண்ணா, முட்டியப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "ஐஸ் வெச்சா போய்டும்மா. ஜனம் அவன் உள்ள வெட்றதப் பாக்கத்தான வருது? வெளிய போவ வேணாம், அவ்ளோதான்."

இவர்கள் தீனாவின் ஆட்டத்தை ரசிப்பவர்கள். அவன் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொண்டவர்களும் உண்டு. அவன் கால் இல்லாமல் போனாலும், ஒற்றைக்காலில் குதிப்பது புது ஸ்டைல் என்று கைதட்டுவார்கள். ஆனால் தெரிந்தே பொய் எழுதாவிட்டாலும், தெரியாத எண்ணை எழுதியது நான்தான். அந்த வரிசையில் நானும் இருக்கிறேன்.

தீனாவின் கண்முன்னாலேயே பழைய நான்கை அடித்து, பூஜ்யம் போட்டேன். இன்றைக்கும் பூஜ்யம். பக்கத்தில் "இடது முழங்கால் வீக்கம், இரண்டு வாரம்" என்று எழுதினேன்.

"உனுக்கு இன்னாம்மே எம்மேல கோவம்? வேலை போய்டும்மே."

கோபமில்லை என்றேன். அவன் நம்பவில்லை. வேனில் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். வழியெல்லாம் அந்தக் கோலைப் பற்றித்தான் பேச்சு.

நான் செய்தது சரிதானா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை. எண் சரி. அது மட்டும் தெரியும்.

நாளை: காலை ஆறு மணிக்கு நோட்டை பீம்ராவ் அண்ணனிடம் கொடுக்க வேண்டும். நான்கு என்று போட்டது நான்தான் என்று சொல்ல வேண்டும். ஆறரைக்கு தீனா வீட்டுக் கதவைத் தட்டி, ஏழு மணிக்குள் அவனை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவு வரிசையில் நிற்க வைக்க வேண்டும்.