கடைசியாகச் சேவ் செய்தவள்

எங்கள் ஆபீஸில் அந்த டூலுக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தவன் கிளாரன்ஸ். பெங்களூர் கோரமங்களாவில் உட்கார்ந்துகொண்டு ஓர் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வெப்சைட் எழுதிக்கொண்டிருந்தோம். தினமும் மாலை ஆறு மணிக்கு மாமியார் எல்லாப் பக்கங்களின் கோடிங்கையும் தானாகவே படித்துப் பார்க்கும். மூடாத டேக், விளக்கம் எழுதாத படம், சில பிரவுசரில் அழுந்தாத பட்டன் என்று ஒன்றுவிடாமல் பொறுக்கி, ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டு எல்லோருக்கும் மெயில் அனுப்பும். தப்பு யார் கணக்கில் போகும்? அந்த ஃபைலைக் கடைசியாகச் சேவ் செய்தவர் கணக்கில். தப்பை எழுதியவன் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தாலும், கடைசியாகத் தொட்டவர் தலையில்தான் விழும்.

அதனால் ஒருத்தரும் எந்த ஃபைலையும் தொடமாட்டோம். லாகின் பக்கத்துப் பட்டன் பல மாதமாக மக்கர் செய்தது. கிளையன்ட் கத்துவான். நாங்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தப்பைத் திருத்த வாங்கிய டூல், திருத்தவே விடாமல் செய்துவிட்டது. நல்ல கூத்து.

அது 2001. அமெரிக்காவில் கம்பெனிகளை வரிசையாக இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் கவினுக்கு ஏப்ரலிலேயே வேலை போய்விட்டது. லிங்கராஜபுரம் வாடகை வீட்டில் என் ஒரு சம்பளம்தான் அடுப்பெரித்தது. நான் மாசமாக வேறு இருந்தேன். அந்த நேரம் பார்த்து மேலிடம் சொன்னது: இந்த வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டில் யார் பெயரில் அதிகத் தப்போ, அவர் வீட்டுக்குப் போகலாம். என் கணக்கில் தப்பு குறைவு. அந்த வெள்ளிக்கிழமை காலை நிம்மதியாகத்தான் பஸ் ஏறினேன்.

மதியம் மேனேஜர் ராகேஷ் என் மேசைக்கு வந்தார். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார்.

"இளா, ஒரு சின்ன வேலைம்மா. கிளையன்ட் ஆபீஸ் அட்ரஸ் மாறிடுச்சு. எல்லாப் பேஜ்லயும் அடியில இருக்கிறத மாத்திடு. சிம்பிள்தான்."

எனக்கு உறைக்கவில்லை. சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, எல்லாப் பக்கத்திலும் அட்ரஸை மாற்றி, சேவ் செய்துவிட்டு டீ குடிக்கப் போனேன். முதல் வாய் உள்ளே இறங்கும்போதுதான் உறைத்தது. எல்லா ஃபைலையும் கடைசியாகத் தொட்டவள் நான். வெப்சைட்டின் மொத்தத் தப்பும் இப்போது என் பெயரில். பழையபடி மாற்றினாலும் அதுவும் என் பெயரில்தான் சேவ் ஆகும்.

ராகேஷிடம் ஓடினேன்.

"ரிப்போர்ட் ஆட்டோமேட்டிக் இளா. டூல் சொல்லுது, நான் என்ன பண்றது?" திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அந்த மனுஷன்.

மேசை மேசையாகப் போனேன். மானத்தை விட்டுக் கெஞ்சினேன். "உங்க பழைய ஃபைல மட்டும் தொறந்து, ஒரு ஸ்பேஸ் தட்டி சேவ் பண்ணுங்க. நேத்து வரைக்கும் உங்க பேர்ல இருந்ததுதானே?" வளைகாப்புக்கு என்ன புடவை என்று காலையில் கேட்ட விஜி, ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள். கிரண் பாத்ரூம் போனான், வரவே இல்லை.

கிளாரன்ஸ் என் பக்கத்து நாற்காலி. பக்கத்து ஏரியா ஆஸ்டின் டவுனில் இருக்கும் அவன் வீட்டுக் கேக் வராமல் எனக்குக் கிறிஸ்துமஸ் வந்ததில்லை. ஃபைலைத் திறந்தான். விரல் ஸ்பேஸ் பாருக்கு மேலே நின்றது.

"எங்க வூட்லயும் என் ஒருத்தன் சம்பளம்தான் இளா," என்று கையை எடுத்துவிட்டான்.

அவன் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் பொய் எதற்கு, அந்தக் கையை ஒடித்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

வேறு வழியில்லை. நானே தப்புகளைத் திருத்த உட்கார்ந்தேன். முதலில் லாகின் பக்கம். எல்லாப் பிரவுசரிலும் பட்டன் அழுந்தியது. அடுத்தது, அதற்கடுத்தது. முடியாது என்று தெரியும், கை மட்டும் நிற்கவில்லை. கண்ணீரில் எழுத்து எழுத்தாகத் தெரியவில்லை. ஆறு மணிக்கு மெயில் வந்தது. அதில் என் பெயர் மட்டும் இருந்தது.

ராகேஷ் எல்லோரையும் கூப்பிட்டார். இளவேனிலின் ஃபைல்களை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு கையும் உயரவில்லை. அவர் தன் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி தட்டினார். அத்தனை ஃபைலும் 'டீம்' என்ற பொதுப் பெயருக்குப் போய்விட்டது.

"இனிமே டூல்ல யார் பேரும் வராது. பயப்படாம ஃபிக்ஸ் பண்ணுங்க."

"இதை மதியமே பண்ணியிருக்கலாமே சார்?" என்று கேட்டேன்.

ராகேஷ் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "மதியம் ஒரு பேர் தேவைப்பட்டுச்சு இளா."

எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். பல மாதமாக யாரும் தொடாத ஃபைல்களைத் திறந்து திருத்த ஆரம்பித்தார்கள். கீபோர்டுச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. கழுத்தில் கிடந்த ஐடி கார்டைக் கழற்றப் பார்த்தேன். கொக்கி சிக்கிக்கொண்டது. கிளாரன்ஸ் எழுந்து வந்து கழற்றிவிட்டான்.