ஆற்றில் போட்ட கொம்பு

எங்கள் எஸ்டேட் துரையின் மனைவிக்குத் தெரிந்த தமிழ் மொத்தமும் அடுக்களைத் தமிழ்தான்: வா, போ, கொண்டா. அதை வைத்துக்கொண்டு சுருளியம்மாளின் கதையை எப்படிக் கேட்பது? அதனால் ஏலப்பாறைப் பக்கத்து எஸ்டேட் பள்ளிக்கூட டீச்சரான என்னைக் கூப்பிட்டு, "ஞானஜோதி, அதை இங்கிலீஷில் எழுதித் தா" என்றாள். லண்டன் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாளாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சுருளியக்கா தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். 1924 வெள்ளத்துக்குப் பிறகு, மழை நாளெல்லாம் லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்லுவாள். உலகமே அழிந்துவிடுகிறது. மலை சரிந்து பாக்டரி புதைகிறது. துரை, கங்காணி எல்லாரும் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். மிஞ்சிய நாலைந்து பேரில் ஒருவன் சேற்றில் கிடந்த, வேலைக்குக் கூப்பிட ஊதும் கொம்பை எடுத்துப் பழக்கதோஷத்தில் ஊதுகிறான். உடனே எல்லாரும் ஓடிப்போய், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கிறார்கள். பேர் கூப்பிட ஆளில்லை, ஆனாலும் நிற்கிறார்கள். விடிந்தால் இதே கூத்து. கடைசியில் ஒருத்தி கொம்பைப் பிடுங்கி ஆற்றில் எறிந்துவிட்டுத் தன் போக்கில் நடக்கிறாள்.

என் இங்கிலீஷைப் படித்துத் துரைசாணி அசந்துபோனாள். முடிவு மட்டும் பிடிக்கவில்லை. கொம்பு ஊத வேண்டும், ஜனங்கள் கூடிப் பாக்டரியைத் திரும்பக் கட்ட வேண்டும், அப்போதுதான் நம்பிக்கை பிறக்குமாம். மாற்ற மாட்டேன் என்றால் பள்ளிக்கூடத்துக்கு வேறு டீச்சர் கிடைப்பாள் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கதை சுருளியக்காவுடையது. அவளைக் கேட்காமல் நான் எப்படிப் பதில் சொல்வது?

லயத்துக்குப் போய் அவளிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"வெள்ளத்தன்னிக்கு அந்த மழையிலயும் கொம்பு ஊதுனாங்க டீச்சரம்மா. எம் மக முத்துப்பேச்சி, போவாதடின்னு நான் சொல்லச் சொல்லக் கேக்காம ஓடுனா. பேரு விட்டுப் போயிருமாம். அவ நின்ன களத்தோட மலை எறங்கிருச்சு. கதையில பேரை மாத்திக்கிடுங்க, ஊரை மாத்திக்கிடுங்க. கொம்பு மட்டும் ஆத்துலதான் கெடக்கணும்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

நேரே பங்களாவுக்குப் போய், முடிவு மாறாது என்றேன். இந்த ஜனங்களுக்கு எப்போதும் சோகம்தானா என்று துரைசாணி அலுத்துக்கொண்டாள். "இதில் என்ன சோகம்? அவள்தான் கடைசியில் நடக்கிறாளே!" என்று அவள் பாஷையிலேயே சொல்லிவிட்டு, மேசைமேல் கிடந்த தாள்களை வாரிக்கொண்டு இறங்கினேன். சாயங்காலமே அறையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. வரட்டும். மதராஸிலும் இங்கிலீஷ் பத்திரிகைகள் இருக்கின்றன; ஒன்று திருப்பி அனுப்பினால் இன்னொன்றுக்குப் போடுவேன்.

மறுநாள் விடிய, பெட்டியைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு லயத்தைக் கடந்தேன். சுருளியக்கா வந்து அதைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். வண்டிப்பாதை வரைக்கும் வருவாளாம்.

புதிதாக வெட்டிய பெரட்டுக் களத்தை நெருங்கும்போது கொம்பு ஊதியது. பெண்கள் கூடையும் கையுமாக ஓடினார்கள்.

"அக்கா, பெரட்டுக்கு நிக்கலன்னா உங்க பேரை வெட்டிருவாங்க."

"வெட்டட்டும். நீங்க வெரசா நடங்க."

கொம்பு மறுபடியும் ஊதியது. தலையில் பெட்டியோடு அவள் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.